எழுபது கிலோவுக்கு எத்தனை தீர்ப்பு?

முன் டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். இது மருத்துவக் குறிப்பு இல்லைங்க. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் புலம்பல். நீளமான பதிவு வேற. டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. போன மாசம் எங்க ஆபீஸ்ல வருஷாந்திர மெடிக்கல் செக்கப். ஷூவை மட்டும் கழட்டச் சொல்லிட்டு, பேன்ட் சட்டையோட மெஷின் மேல ஏத்திவிட்டாங்க. உயரம் 170 சென்டிமீட்டர். எடை 70 கிலோ. பி.எம்.ஐ. 24.2. பக்கத்துலயே பச்சை எழுத்துல 'நார்மல்'. அந்தப் பச்சை எழுத்தைக் கொண்டாட அன்னிக்கு மத்தியானம் டீமோட பிரியாணி சாப்பிட்டேன்ங்கறதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பாவை சுகர் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப, எங்க டாக்டர்கிட்ட பெருமையா என் ரிப்போர்ட்டையும் நீட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துட்டு, "தம்பி, இது வெள்ளைக்காரனுக்கு நார்மல். உனக்கு இல்ல. 66-க்கு இறங்கப் பாரு"ன்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை. "உங்கப்பாவைப் பாருப்பா"ன்னு மட்டும் சொன்னார்.

பார்த்தேன். அப்பா எப்பவும் ஒல்லி. அவருக்கு சுகர்னு தெரிஞ்சப்ப வயசு 41, எடை 61 கிலோ. உயரம் என்னை விட 2 சென்டிமீட்டர் கம்மி. அவரை வாழ்நாள்ல ஒருத்தர் கூட குண்டுன்னு சொன்னதில்லை.

ஒரே இன்புட்டுக்கு ரெண்டு இடத்துல ரெண்டு அவுட்புட் வந்தா எங்க தொழில்ல ஒருத்தனுக்கும் தூக்கம் வராது. பழைய கோடை எழுதினவன் யாரு, எதுக்காக எழுதினான்னு தோண்டிக்கிட்டே பின்னாடி போவோம். அப்படித் தோண்டினதுதான் இந்தப் பதிவு.

தோண்டத் தோண்ட கடைசியில போய் நின்ன இடம் ஒரு வானியல் ஆய்வுக்கூடம். ஆமாங்க, நட்சத்திரம் பார்க்கிற இடம். அடால்ஃப் கெட்லே, 1796-ல கென்ட் நகரத்துல பிறந்த பெல்ஜியக்காரர். கணக்கு வாத்தியார், வானியலாளர். பிரஸ்ஸல்ஸ்ல ஆய்வுக்கூடம் அமைச்சவர் இவர்தான். வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே 1830-ல புரட்சி வெடிச்சு பெல்ஜியம் தனி நாடாச்சு. நாடே கலங்கிக் கிடந்த அந்த வருஷங்கள்ல அவரோட கவனம் நட்சத்திரத்துலேர்ந்து மனுஷங்க பக்கம் திரும்புச்சு.

அந்தக் கால வானியல்ல ஒரு தலைவலி உண்டு. ஒரே நட்சத்திரத்தோட இடத்தை பத்து பேர் அளந்தா பத்து விடை வரும். எல்லாத்தையும் வரைபடமா போட்டா மணி கவுத்து வச்ச மாதிரி ஒரு வளைவு. நடுவுல இருக்கிற சராசரிதான் உண்மை, மத்ததெல்லாம் அளவுப் பிழை. கெட்லே செஞ்ச காரியம் என்னன்னா, இந்தக் கணக்கை அப்படியே தூக்கி மனுஷ உடம்பு மேல போட்டார். ஸ்காட்லாந்து சிப்பாய்கள் 5,738 பேரோட மார்புச் சுற்றளவுப் பட்டியல் அவர் கைக்குக் கிடைச்சுது. வரைஞ்சு பார்த்தா அதே மணி. அப்போ சராசரி மார்புதான் இயற்கை நினைச்ச மார்பு, மத்த சிப்பாய்களெல்லாம் இயற்கையோட கைத்தவறுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டார். 1835-ல வந்த புத்தகத்துல இந்த 'சராசரி மனிதன்' கிட்டத்தட்ட லட்சிய புருஷன். இன்னிக்கு நமக்கு சராசரின்னா சுமாரு. அவருக்கு அதுதான் அழகு!

நம்ம மேட்டர் அந்த ஆராய்ச்சியிலதான் வருது. ஒரு பொருளை வடிவம் மாறாம எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெருசாக்கினா எடை எட்டு மடங்காகும். அதாவது உயரத்தோட மூணாம் படி. மனுஷனும் அப்படித்தானான்னு கெட்லே பார்த்தார். இல்லை. வளர்ந்து முடிஞ்சவங்கள்ல, எடை ஏறக்குறைய உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுது. நெட்டையா இருக்கிறவங்க, குட்டையானவங்களைப் பெருசு பண்ணி எடுத்த ஜெராக்ஸ் இல்லை, உயரத்துக்கு ஏத்த அளவு அகலம் வர்றதில்லை. அவ்வளவுதான் விஷயம். கிலோவை மீட்டர் வர்க்கத்தால வகுக்கிற பி.எம்.ஐ. இங்கேர்ந்துதான் வருது. கெட்லே குண்டு, ஒல்லி, ஆரோக்கியம் எதைப் பத்தியும் கவலைப்பட்டு இதைச் சொல்லலை. மனுஷன் எப்படி வளர்றான்னு ஒரு விதி தேடினார், கிடைச்சுது, எழுதி வச்சார். 1874-ல காலமானார். அந்த விதி நூறு வருஷத்துக்கு மேல தூங்குச்சு.

நடுவுல பாரிஸ்ல பால் ப்ரோக்கா. மூளையில பேச்சுக்கான இடத்தைக் காட்டினவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், அதே சர்ஜன்தான். அவர் பேர்ல வழங்குற கணக்கு நம்ம ஊர்ல டீக்கடை வரைக்கும் பிரபலம்: சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து 100-ஐக் கழிச்சா கிலோ. நான் 170, ஆக 70. அச்சு அசல் பொருத்தம், அந்த சர்ஜன் வாழ்க! ஆனா யோசிச்சா, இதுக்குப் பின்னாடி இயற்கை விதி ஒண்ணும் கிடையாது. மெட்ரிக் அளவுகள்ல எண்கள் தற்செயலா அப்படி விழுது, அவ்வளவுதான். அடியும் பவுண்டும் புழங்கிற ஊர்ல இந்தக் கழித்தல் வேலைக்கே ஆகாது. பின்னால வந்தவங்களுக்கே அது தாராளமா தெரிஞ்சு, ஆண்களுக்கு அதுல 10 சதவீதம், பெண்களுக்கு 15 சதவீதம் குறைச்சுக்கோன்னு திருத்தினாங்க. அப்படின்னா எனக்கு 63. பொருத்தம் போச்சு.

இங்கே ஒரு சின்ன கொசுவத்தி. சின்ன வயசுல எனக்கு எடைன்னாலே ரயில்வே ஸ்டேஷன் மெஷின்தான். கலர் கலரா பல்பு, உள்ளே சுத்துற சக்கரம், காசைப் போட்டா டக்குனு ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். 'உங்கள் முயற்சிகள் வெற்றி பெறும்' டைப்ல. அப்பா எடையைப் பார்ப்பார், அம்மா ஜோசியத்தைப் பார்ப்பாங்க. எடையையும் எதிர்காலத்தையும் ஒரே அட்டையில அச்சடிச்ச அந்த மகானுபாவன் ஒண்ணும் தப்பா யோசிக்கலை. அதே வேலையை அமெரிக்காவுல பெரிய பெரிய கம்பெனிகள் கோட் சூட் போட்டு செஞ்சுக்கிட்டிருந்தாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகள்.

கதையோட முக்கியமான பாகம் இதுதான். ஆயுள் காப்பீடு போடுறவன் சீக்கிரம் செத்தா கம்பெனிக்கு நஷ்டம். அதனால யாரு எப்போ போவாங்கன்னு முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வேண்டிய கட்டாயம் டாக்டர்களை விட இவங்களுக்குத்தான் அதிகம். 1846-லயே லண்டன்ல ஜான் ஹட்சின்சன்னு ஒரு டாக்டர், ரெண்டாயிரம் பேருக்கு மேல ஊதச் சொல்லி நுரையீரல் கொள்ளளவை அளந்தார், உயரம் எடையோட சேர்த்து. ஸ்பைரோமீட்டர் அவர் உருவாக்கின கருவி. ஆயுள் காப்பீட்டுக்கு இது உதவும்னு அவரே வாதாடினார்.

அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 43 கம்பெனிகள் சேர்ந்து, 1885-லேர்ந்து 1908 வரைக்கும் கொடுத்த பாலிசிகளை அலசி, 1912-லேர்ந்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டாங்க. இந்த உயரம், இந்த வயசு, இந்த எடை, இத்தனை பேர் காலி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல! நினைச்சாலே எனக்கு விரல் வலிக்குது. அதுல ஒரு சுவாரசியம். சின்ன வயசுக்காரங்கள்ல சராசரியை விடக் கொஞ்சம் பூசினாப்ல இருந்தவங்கதான் அதிக நாள் இருந்தாங்க. முப்பது முப்பத்தஞ்சைத் தாண்டினா தலைகீழ், சராசரிக்குக் கீழே இருந்தவங்க பிழைச்சாங்க. ஏன்? காசநோய். ஒல்லியா இருந்த இளைஞர்களை அது அள்ளிட்டுப் போன காலம். 'புள்ளை எளைச்சுப் போயிட்டானே'ன்னு பாட்டிகள் பதறினதுக்குப் பின்னாடி இப்படி ஒரு பயம் இருந்திருக்கு. அவங்களுக்கு 'நல்ல எடை'ங்கறது காசநோய் வராத எடை. நமக்கு அது சுகர் வராத எடை. எந்த நோய்க்கு பயப்படுறோமோ அதுக்குத் தகுந்த மாதிரி எண் மாறுது.

இந்தப் பட்டியல்கள் எல்லாமே சராசரி எடை. வயசாக ஆக சராசரியும் ஏறும், அது சகஜம்னு விட்டுட்டாங்க. அந்த இடத்துல கையை வச்சவர் லூயிஸ் டப்ளின். லிதுவேனியாவுல பிறந்து நியூயார்க்குல வளர்ந்த புள்ளியியல்காரர், மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனியில வேலை. சராசரியும் நல்லதும் ஒண்ணு இல்லைன்னார். கெட்லேவை நேரா எதிர்க்கிற வாக்கியம் இது! நாப்பது வயசுல எல்லாருக்கும் தொப்பை இருந்தா, தொப்பைதான் சராசரி, ஆனா அது நல்லது ஆகிடுமா? இளவயசுல இருக்கிற எடையையே கடைசி வரைக்கும் காப்பாத்தணும்னு சொல்லி, 1942-ல பெண்களுக்கும் 1943-ல ஆண்களுக்கும் 'ஐடியல்' எடைப் பட்டியல் போட்டார். டாக்டர் கிளினிக் சுவர்ல ஒட்டி வச்சிருக்கிற உயரம்-எடை அட்டை இருக்கே, அதோட தாத்தா இதுதான்.

ஆனா ஒரு சிக்கல். ஒரே உயரத்துல இருக்கிறவங்க எடை ரொம்ப விரிஞ்சு கிடந்துச்சு. ஒரே எண்ணைச் சொன்னா அடி விழும். அதனால சின்ன, நடுத்தர, பெரிய எலும்புக்கூடுன்னு மூணு பத்தியா பிரிச்சார். யாரோட எலும்பையும் யாரும் அளக்கலை. இருந்த எடைகளை மூணா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எலும்புப் பேர் வச்சதுதான். எங்க சித்தி 'எனக்கு எலும்பே கனம்டா'ன்னு சொல்றப்பல்லாம் கிண்டலடிச்சிருக்கேன். சித்தி, மன்னிச்சுக்குங்க, உங்க கட்சியில பெரிய ஆட்கள் இருந்திருக்காங்க :-)

1959-ல திருத்தின பட்டியல். இந்தத் தடவை 26 கம்பெனிகள், ஏறக்குறைய 50 லட்சம் பாலிசிகள். 'ஐடியல்' போய் 'விரும்பத்தக்க' எடைன்னு பேர் மாறுச்சு. 1983-ல இன்னொரு திருத்தம், அதுல எடைகள் ஏறிடுச்சு, எலும்புக்கு முழங்கை அகலத்தை அளக்கச் சொன்னாங்க, 'ஐடியல்', 'விரும்பத்தக்க' ரெண்டு வார்த்தையையும் தூக்கிட்டு வெறும் உயரம்-எடைப் பட்டியல்னு போட்டாங்க. சும்மா இருப்பேனா, என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அவங்க கணக்குல ஒரு அங்குல ஹீல்ஸும் உடுப்பும் சேர்த்தி, ஆக நான் 5 அடி 8 அங்குலம். என் 70 கிலோ, 154 பவுண்டு. 1959-ல நடுத்தர எலும்புக்கு 138-லேர்ந்து 152 வரை. நான் ஃபெயில். 1983-ல 145-லேர்ந்து 157 வரை. பாஸ்! கையில ஒரு அரியரோட சுத்தினவனுக்குத் தெரியும் இந்த சந்தோஷம்.

ஆனா அந்தப் பட்டியல்ல இருந்தவங்க யாரு? பாலிசி போட வசதி இருந்தவங்க. பெரும்பாலும் வெள்ளையர், பெரும்பாலும் ஆண்கள். எண்ணினது பாலிசியை, ஆட்களை இல்லை, ஒருத்தரே மூணு பாலிசி போட்டிருந்தா மூணு ஆள். சிலர் எடையை மெஷின்ல பார்க்கவே இல்லை, வாயால சொன்னதுதான். வாயால சொல்ற எடையில எவ்வளவு உண்மை இருக்கும்னு கல்யாண மார்க்கெட்ல பயோடேட்டா பார்த்தவங்களைக் கேளுங்க. எதிர்கால பிரீமியம் கணக்குப் போட இது தாராளமா போதும். கம்பெனி பொய் சொல்லலை. அதை எடுத்து ஒட்டுமொத்த மனுஷ குலத்துக்கும் சட்டமா மாட்டினதுதான் வம்பு.

இன்னொரு எண்ணோட கதையும் இதே ஜாதிதான். போன்ல 'ஐடியல் வெயிட்' ஆப் ஏதாவது இறக்கி உயரத்தைப் போட்டீங்கன்னா வர்ற விடை பல தடவை டிவைன் ஃபார்முலா. ஆணுக்கு 5 அடிக்கு 50 கிலோ, அதுக்கு மேல ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ. பெண்ணுக்கு 45.5-லேர்ந்து ஆரம்பம். எனக்கு 65.9. 1974-ல டிவைன் இதை எழுதினது ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்துக்கு டோஸ் கணக்குப் போட. அந்த மருந்து கொழுப்புக்குள்ள அவ்வளவா போகாது, குண்டான ஆளுக்கு முழு எடைக்கும் கணக்குப் பண்ணிக் கொடுத்தா கிட்னி கெடும். அதனால கொழுப்பைத் தள்ளிட்டு ஒரு உத்தேச எடை வேணும். தனியா ஆயிரம் பேரை அளந்து கண்டுபிடிச்சதில்லை அது. கிட்டத்தட்ட இதே கணக்கு இன்னிக்கு வென்டிலேட்டர்ல உயிர் காக்குது. தொப்பை வளர்ந்தா நுரையீரல் சேர்ந்து வளராது, அதனால எவ்வளவு காத்து தள்ளணும்னு உயரத்தை வச்சுத்தான் முடிவு பண்ணணும். 2000-ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல, இந்தக் கணக்குப்படி கிலோவுக்கு 6 மில்லிலிட்டர்னு குறைச்சுக் கொடுத்தப்ப, கடுமையான நுரையீரல் பாதிப்புல இறப்பு 39.8 சதவீதத்துலேர்ந்து 31 சதவீதமா இறங்குச்சு. அந்த வேலைக்கு அற்புதமான எண். ஜிம் ஆப்ல உக்கார்ந்து என்னை மிரட்டுறது அதோட வேலை இல்லை.

சரி, தூங்கிக்கிட்டிருந்த கெட்லேவை எழுப்பினது யாரு? ஆன்செல் கீஸ், மின்னசோட்டா பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போர் முடியற நேரத்துல 36 தன்னார்வலர்களை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டு, பசி மனுஷனை என்ன செய்யும்னு ஆராய்ஞ்சவர். 100 வயசு வரைக்கும் இருந்து 2004-ல காலமானார். இன்சூரன்ஸ் பட்டியல் மேல இவருக்கு நல்ல கோபம். குறிப்பா அந்த மூணு எலும்புக்கூடு சமாச்சாரம். 1972-ல, அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கான்னு 5 நாட்டுலேர்ந்து 7,400 ஆண்களுக்கு மேல எடுத்து, எந்தக் கணக்கு உடம்புக் கொழுப்போட நல்லா ஒத்துப் போகுதுன்னு சோதிச்சார். கொழுப்பை எப்படி அளந்தாங்கன்னா, தோலை மடிச்சு இடுக்கியால கிள்ளிப் பிடிச்சு. ஜெயிச்சது கெட்லேவோட 1830-கள் வகுத்தல். அதுக்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்'னு பேர் வச்சது அந்தக் கட்டுரைதான்.

ஜெயிச்சதுன்னு சொன்னா கப்பு வாங்கின மாதிரி இல்லை. முழுத் திருப்தி இல்லை, ஆனா இருக்கிறதுல மோசமில்லைங்கற அளவுக்குத்தான் கீஸே சொன்னார். எது நார்மல், எது குண்டுன்னு அவர் கோடும் போடலை. கூட்டத்தை கூட்டத்தோட ஒப்பிட ஒரு சுலபமான அளவுகோல், அவ்வளவுதான் அவர் கேட்டது. தராசும் டேப்பும் போதும், பைசா செலவில்லை. பெண்கள் ஒருத்தர் கூட அந்தக் கட்டுரையில இல்லை. இந்தியாவும் இல்லை.

கோடு போட்டவங்க பின்னால வந்தாங்க. இதைச் சீக்கிரம் முடிச்சுடறேன். 1985-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3-க்கு மேல அதிக எடைன்னு சொல்லுச்சு. இந்த தசம எண்ணுக்கு ரகசியம் ஒண்ணுமில்லை, இருபதுகள்ல இருக்கிற அமெரிக்கர்களை வரிசையா நிக்க வச்சா 85-வது சதவீதத்துல நிக்கிற ஆள். உலக சுகாதார நிறுவனம் 1995-ல 25, 30-ன்னு முழு எண்களா எடுத்துக்குச்சு. 1998 ஜூன்ல அமெரிக்காவும் 25-க்கு இறங்கினப்ப, ராத்திரி நார்மலா படுத்த கோடிக்கணக்கான பேர் காலையில அதிக எடையோட எழுந்தாங்க. ஒரு கிராம் கூட ஏறாம! அபாயம் 24.9-லேர்ந்து 25-க்குப் போறப்ப பள்ளத்துல விழுறதில்லை, சரிவா ஏறிக்கிட்டே போகுது. கோடு நாம கிழிச்சது.

எங்க ஆபீஸ் ரிப்போர்ட்ல இருந்த பச்சை எழுத்து இந்த 25-தான். டாக்டர் சொன்ன 66 எங்கேர்ந்து வந்துச்சு? அதுக்கு புனே போகணும்.

புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியில டாக்டர் சி.எஸ். யாஜ்னிக். லண்டன்ல ஜான் யுட்கின். ரெண்டு பேரும் ஆராய்ச்சி நண்பர்கள். 2004-ல லான்செட் இதழ்ல ஒரு குட்டிக் கட்டுரை, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற போட்டோவோட. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஸ்கேன் பண்ணிப் பார்த்தா யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்புல 21.2 சதவீதம். ரெண்டு மடங்குக்கும் மேல! யுட்கின் மராத்தான் ஓடுறவர். யாஜ்னிக் தன்னோட ஓட்டம்னு சொல்லிக்கிட்டது, காலையில ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுறதுக்குள்ள ஓடிப் பிடிக்கறதை. எங்க ஆபீஸ்ல இதே ஓட்டத்துல எங்க டேமேஜர்தான் சாம்பியன்.

வெறும் உடற்பயிற்சி விஷயம் மட்டுமில்லைன்னு காட்டினது அவங்களோட இன்னொரு ஆராய்ச்சி. 2003-ல வெளிவந்துச்சு. புனே பக்கத்து கிராமங்கள்ல பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன்ல பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டாங்க. இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம்ம குழந்தைக்கு சதை கம்மி, வயித்துப் பகுதி உறுப்புகள் சின்னது. ஆனா தோலுக்கு அடியில கொழுப்பு மட்டும் அவ்வளவா குறையலை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிறக்கும்போதே. இதைப் படிச்சப்ப எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி. அதுக்கப்புறம் தூக்கம் வரலை.

உலக சுகாதார நிறுவனம் இதே பிரச்சினைக்காக 2002-ல சிங்கப்பூர்ல நிபுணர் கூட்டம் போட்டுது, 2004-ல முடிவு வந்துச்சு. ஆசியர்களுக்கு 23-லயே எச்சரிக்கை, 27.5-ல தீவிரம்னு சொன்னாங்க, ஆனா சர்வதேசக் கோட்டை மட்டும் மாத்தலை. 2009-ல இந்திய நிபுணர்கள் தெளிவாவே எழுதிட்டாங்க: 23-லேர்ந்து அதிக எடை, 25-லேர்ந்து உடல் பருமன். 170 சென்டிமீட்டருக்கு 23-ங்கறது ஏறக்குறைய 66 கிலோ 500 கிராம். டாக்டரோட 66 இதுதான்.

இதெல்லாம் ஏதோ நிபுணர்கள் உக்கார்ந்து பேசினதுன்னு நினைச்சா, 2021-ல இங்கிலாந்துல 14 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட பதிவுகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. பி.எம்.ஐ. 30 இருக்கிற ஒரு வெள்ளையருக்கு சர்க்கரை நோய் வர்ற அதே வாய்ப்பு, தெற்காசியருக்கு 23.9-லயே வந்துடுது. என் உயரத்துல அவர் 87 கிலோ. நம்மாளு 69 கிலோ. நான் 70. பச்சை எழுத்து மக்களே, பச்சை எழுத்து!

ஆனா கதை இங்கே முடிஞ்சிருந்தா டாக்டர் ஜெயிச்சார், ஆபீஸ் தோத்துச்சுன்னு போயிருப்பேன். அப்பா கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 41 வயசுல அவரோட பி.எம்.ஐ. 21.6. இந்தியக் கோட்டுக்கும் உள்ளேதான் இருந்திருக்கார். அன்னிக்கு எந்த அட்டையை எடுத்துப் பார்த்திருந்தாலும் அவருக்கு 'நார்மல்'தான் வந்திருக்கும்.

எடை எவ்வளவுங்கறதை விட கொழுப்பு எங்கே உக்கார்ந்திருக்குங்கறதுதான் கேள்வின்னு இப்போ எல்லாரும் வந்து சேர்ந்திருக்காங்க. தராசுக்கு சதையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. கபடி ஆடுறவனும் நாள் முழுக்க நாற்காலியில இருக்கிற நானும் அதுக்கு ஒண்ணுதான். அந்த 2009 இந்தியக் குறிப்புலயே இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா வைத்தியம் பார்க்கணும்னு இருக்கு. 2022-ல பிரிட்டன்ல இன்னும் எளிமையா, இடுப்பு உயரத்துல பாதிக்குக் கீழே இருக்கட்டும்னுட்டாங்க. 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். நாடு தழுவிய ஆய்வு, சென்னை ஆட்கள் முன்னின்று நடத்தினது, இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய்னு சொன்னது ஞாபகம் இருக்கலாம். அதே ஆய்வுல பி.எம்.ஐ. படி பருமன் 28.6 சதவீதம், வயித்துப் பருமன் 39.5 சதவீதம். அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல எங்கப்பா மாதிரி எத்தனை பேர்? 2025 ஜனவரியில லான்செட் குழு ஒண்ணு, பி.எம்.ஐ.யை மட்டும் வச்சு ஒருத்தருக்கு பருமன்னு தீர்ப்பு எழுதாதீங்க, இடுப்பையோ கொழுப்பையோ அளந்து உறுதிப்படுத்துங்கன்னு சொல்லிடுச்சு. 1972-ல கீஸ் கேட்டதும் கூட்டத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவோட தையல் டேப்பை எடுத்தேன். பேன்ட் சைஸ் 34, ஆக இடுப்பும் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர்னு இத்தனை வருஷம் நம்பிக்கிட்டிருந்தேன். பேன்ட் தொப்பைக்குக் கீழே உக்கார்ந்திருக்குங்கற சின்ன உண்மையை மறந்துட்டேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை வெளியே விட்டுட்டு, வயித்தை எக்காம அளக்கணுமாம். எக்காம இருக்கறதுதான் கஷ்டம். முதல் தடவை 89 வந்துச்சு. அம்மா "ஒழுங்கா நில்லுடா"ன்னாங்க. ரெண்டாவது தடவை 93.

அப்பாவையும் கூப்பிட்டு நிக்க வச்சோம். பனியனைத் தூக்கிக்கிட்டு பரீட்சைக்கு நிக்கிற பையன் மாதிரி நின்னார். 94. "நான் ஒல்லின்னுதானடா எல்லாரும் சொல்லுவாங்க"ன்னார். அன்னிக்கு, 41 வயசுல, எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. யாரும் அளக்கலை.

நாளைக்குக் காலையில வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கணும், கூடவே மூணு மாச சராசரி சுகர் டெஸ்டும். இப்போ மணி 9.40. பத்து மணிக்கு மேல தண்ணியைத் தவிர எதுவும் கூடாதுன்னு லேப்ல சொல்லியிருக்காங்க. அம்மா தோசைக்கல்லைப் போட்டாச்சு, ரெண்டோட நிறுத்திக்கறதா வாக்கு கொடுத்திருக்கேன். வர்றேன் மக்களே. உங்க வீட்டு டேப் என்ன சொல்லுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, எக்காம.